சத்தமில்லாத பாலம்

“விரிசலை எதை வச்சு அடைச்சா மறுபடி வராது, மேடம்?”

கேட்டவர் செயற்பொறியாளர் கஜபதி. அடுத்த தை மாதம் ஓய்வு பெறப் போகிறவர்.

கேட்கப்பட்டவர் ஜெசிந்தா. இரும்புப் பாலங்களைச் சோதிப்பதற்காகவே ஊர் ஊராகப் போகிறவர். கஜபதியின் மூத்த மகளைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருந்தால் அதிகம். ஆனால் பாலம் என்று வந்துவிட்டால் பெரிய தலைகளே அவர் முன்னால் கைகட்டி நிற்பார்கள். கஜபதியும் நின்றார்.

“இதுவரைக்கும் எதை வச்சு அடைச்சீங்க?”

“முதல்ல சிமெண்ட். அப்புறம் எபாக்ஸி பசை. நல்ல கம்பெனி சரக்குதான். கோடை வந்தா திரும்பப் பிளந்துக்குது. இந்தத் தடவை அஞ்சு ரூபா காசு உள்ள போகுது மேடம்.”

“எந்தத் தூண்?”

“ஊர்ப் பக்கம் முதல் தூண். தலையில.”

ஜெசிந்தா அதைக் குறித்துக்கொண்டார்.

“பாலத்துல சத்தம் எப்படி இருக்கு சார்?”

கஜபதியின் முகம் மலர்ந்தது.

“சத்தமா? அதெல்லாம் நான் வந்ததுமே நிறுத்திட்டேன்.”

“அப்படியா. நாளைக்குக் காலைல வரேன். ஒரு சாக்பீஸ் வாங்கி வைங்க.”

ஏதாவது வெளிநாட்டுப் பசையின் பெயர் கிடைக்கும் என்று நம்பி வந்தவருக்கு இது சப்பென்று ஆகிவிட்டது. ஆனாலும் போகிற வழியில் சாக்பீஸ் வாங்கினார்.



சத்தத்தின் கதை இது.

அந்தப் பாலம் ஐந்து இரும்புத் துண்டுகளைத் தூண்கள் மேல் வரிசையாக வைத்துக் கட்டியது. ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சாலையில் ஒரு இடைவெளி இருக்கும். கரையைத் தொடும் இடத்திலும் அப்படித்தான். இடைவெளியின் ஓரங்களில் இரும்புத் தகடு. பஸ் அதன் மேல் ஏறினால் தடக். இறங்கினால் தடக்.

பாலத்தின் அடியிலேயே தையற்கடை வைத்திருந்தவர் ஹனீபா. கடைக்குப் பின்னால் வீடு. அவர் மனு எழுதாத அதிகாரி கிடையாது. வாங்கிய அதிகாரிகள் எல்லோரும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

கட்டடப் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்த கஜபதி மட்டும் மனுவைப் படித்தார். ஊரை ஒட்டிய இடைவெளியில் கான்கிரீட்டைத் திணித்து, மேலே தார் போட்டு மூடச் சொன்னார். மற்ற இடைவெளிகள் ஆற்றுக்கு நடுவே இருந்தன. அங்கே தூக்கம் கெட யாரும் இல்லை.

சத்தம் நின்றது.

ஊர் கூடி அவருக்கு மாலை போட்டது. ஹனீபா தன் கையால் ஜரிகை வைத்துத் தைத்த சால்வையைப் போர்த்தினார். பாலத்தின் முகப்பில் கஜபதி கும்பிடுவது போல ஒரு ஃபிளெக்ஸ் எழுந்தது. இத்தனை வருட சர்வீஸில் அவர் கழுத்தில் விழுந்த முதல் மாலை அதுதான். பாவம், வீட்டுக்குக் கொண்டுபோய்க் காயும்வரை சுவரிலேயே மாட்டி வைத்திருந்தார்.



ஜெசிந்தா வெயில் ஏறும் முன்பே வந்துவிட்டார். இருவரும் பாலத்துக்குக் கீழே இறங்கினார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான்.

ஒவ்வொரு இரும்புத் துண்டுக்கும் ஒரு முனை தூணோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. மறுமுனை ஒரு உருளையின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது.

முதல் துண்டின் உருளை முனை கரைச் சுவரின் மேல் இருந்தது, இறுக்கிய முனை முதல் தூணின் தலையில். ஜெசிந்தா அங்கே ஒரு கோடு போட்டார். மேலே இரும்பில் தொடங்கி, கீழே அசையாத தகடுவரை நேராக ஒரே கோடு.

பிறகு ஏணி வைத்து முதல் தூணில் ஏறி, இரண்டாவது துண்டின் உருளை முனையிலும் அதேபோல ஒரு கோடு போட்டார்.

“இப்ப என்ன மேடம்?”

“உக்காரலாம் சார்.”

“எவ்வளவு நேரம்?”

“வெயில் ஏறட்டும்.”

பாலத்தின் நிழலில் உட்கார்ந்தார்கள். ஜெசிந்தா கொண்டு வந்திருந்த இட்லியைப் பிரித்தார். கஜபதிக்கு இறங்கவில்லை. ஆபீசில் எத்தனையோ வேலை கிடக்க, மணலில் உட்கார்ந்து இட்லி தின்பதா என்று உள்ளுக்குள் எரிச்சல்.

மேலே ஒரு பஸ் போனது. முதல் தூணின் விரிசலிலிருந்து பொடி உதிர்ந்து மணலில் விழுந்தது.

ஜெசிந்தா அதைப் பார்த்தார். கஜபதி வேறு பக்கம் பார்த்தார்.

இன்னொரு பஸ். இன்னும் கொஞ்சம் பொடி.

“அந்தத் தலை உடைஞ்சா என்ன ஆகும் மேடம்?”

“முதல் துண்டு கீழ வந்துடும்.”

“மேல பஸ் இருந்தா?”

“பஸ்ஸும் வரும்.”

கஜபதி இட்லியை மடித்து வைத்துவிட்டார்.



பிற்பகலில் இரும்பைத் தொட முடியவில்லை.

“இப்பப் போய்ப் பாருங்க சார்.”

கஜபதி முதலில் தூணில் ஏறினார். ஏறியவுடன் கத்தினார்.

“மேடம்! ரெண்டாவது துண்டு நகர்ந்திருக்கு! கோடு ரெண்டா உடைஞ்சு போச்சு. ஒரு பென்சில் கனத்துக்கு விலகியிருக்கு!”

“சரி. முதல் துண்டு?”

இறங்கி, கரைச் சுவருக்கு ஓடினார். குனிந்து பார்த்தார். நிம்மதியாக மூச்சு விட்டார்.

“இது அப்படியே இருக்கு மேடம். ஒரு நூல்கூட நகரல.”

அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

“விரிசல் எந்தத் துண்டைப் பிடிச்சிருக்கிற இடத்துல சார்?”

“முதல் துண்டை...” என்று ஆரம்பித்தார் கஜபதி.

பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். கரைச் சுவருக்கும் இரும்புக்கும் நடுவே வானம் தெரிய வேண்டிய இடத்தில் அவருடைய கான்கிரீட் இருந்தது.

இரும்பு வெயிலில் நீளும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். கரைப் பக்கம் நீள இடம் இல்லாவிட்டால் அது தூணைத்தான் தள்ளும். ஆனால் இந்த இரண்டு வருடமாக விரிசலுக்குக் காரணம் தேடி அவர் பார்க்காத இடமில்லை, அந்த ஒரு இடத்தைத் தவிர.

“அதுக்குத்தான் மேடம் மாலை போட்டாங்க,” என்றார்.

ஜெசிந்தா கையில் ஒட்டிய சாக்பீஸ் பொடியைத் தட்டினார்.

“வேற வழியே இல்லையா மேடம்? தூணை இன்னும் பலமா கட்டிட்டா?”

“கட்டலாம்.”

“அப்போ?”

“அப்பவும் வெயில் அடிக்கும் சார்.”

மீதி சாக்பீஸை அவர் கையில் கொடுத்துவிட்டு ஜெசிந்தா கரையேறிப் போனார்.



மறுநாளே கஜபதி பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தினார். மேலதிகாரி போனில் வைத்து வாங்கினார். பஸ்கள் சுற்றிப் போயின. ஊர்க்காரர்கள் பாலத்து முகப்பில் கூடிவிட்டார்கள். ஹனீபா முன்னால் நின்றார்.

“நீங்க போட்டதை நீங்களே உடைக்கிறீங்களா சார்?”

“ஆமா பாய்.”

“அப்போ அன்னைக்கு எதுக்குப் போட்டீங்க?”

“தப்பாப் போட்டேன் பாய்.”

கூட்டத்தில் யாரோ, இதிலும் ஏதோ கமிஷன் இருக்கிறது என்றார்கள். அன்று சாயங்காலத்துக்குள் ஃபிளெக்ஸ் காணாமல் போயிற்று. கஜபதிக்கு அது வலித்தது. வலித்ததை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை.

கடைசிக் கான்கிரீட் கட்டி வெளியே வந்தது நல்ல வெயில் நேரத்தில். இரும்பு ணங்கென்று ஒரு குரல் கொடுத்துக் கரைப் பக்கமாக நகர்ந்தது. வேலைக்காரர்கள் எகிறிக் குதித்தார்கள்.

கஜபதி தூணில் ஏறி, சட்டைப் பையிலிருந்து அஞ்சு ரூபாய்க் காசை எடுத்து விரிசலில் வைத்துப் பார்த்தார். உள்ளே போகவில்லை.

தூணின் தலையை இரும்புப் பட்டை போட்டுக் கட்டி, விரிசலை மூன்றாவது முறையாக அடைத்தார்கள். கரையோர இடைவெளிக்குப் பழையபடி இரும்புத் தகடு வந்தது. பஸ்களும் திரும்பி வந்தன.

தினமும் காலையில் முதல் துண்டில் கஜபதியே கோடு போட்டார். பிற்பகலில் வந்து, அது உடைந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் போனார்.



கோடை முடியும்போது ஹனீபா ஆபீசுக்கு வந்தார். கண்கள் சிவந்திருந்தன. மனுவைக் கையில் வைத்திருந்தார், ஆனால் நீட்டவில்லை.

“பழையபடி ஆயிடுச்சு சார். பஸ் ஏறினா தடக்குங்குது, இறங்கினா தடக்குங்குது. ரெண்டு வருஷம் நல்லா தூங்கிப் பழகிட்டோம். இப்ப கண்ணே மூட முடியல.”

“வீட்டுக்குள்ள நல்லா கேக்குதா பாய்?”

“நல்லாவே கேக்குது.”

“எல்லா பஸ்ஸுக்கும்?”

“ஒண்ணு தவறாம, சார்.”

கஜபதி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கேக்கலைன்னா, அந்த நிமிஷமே ஓடி வாங்க பாய்.”