ஆயுசுக்கும் ஒரே திசை

கட்டுமான நிறுவன முதலாளி திருவேங்கடம் கொளத்தூர் வண்ணமீன் கடைக்கு வந்து, அலுவலகத்துக்கு வாஸ்து மீனான அரோவானாவும் இரண்டடித் தொட்டியும் கேட்டார்.

"சார், இது மூணடி வளரும். ஆறடித் தொட்டி வேணும்," என்றாள் விற்பனைப்பெண் எஸ்தர்.

"ரெண்டடி போதும். மீன் செத்துச்சுன்னா, உங்க ஓனர்கிட்ட சொல்லி உன் வேலையைத் தூக்கிருவேன்."

"சரிங்க சார். முகம் எந்தத் திசையில இருக்கணும்?"

"மீனுக்கு ஏதும்மா திசை? சுத்திக்கிட்டே இருக்கும்."

"வளந்தப்புறம் ரெண்டடியில திரும்ப முடியாதே சார். தெக்க பாத்து நின்னுட்டா ஆயுசுக்கும் தெக்கதான்."

திருவேங்கடத்துக்குத் தலை சுற்றியது. வாஸ்துக்காரருக்குப் போன் போட்டார். தலை வடக்கே என்றால் வால் தெற்கே வருமே என்று அவரும் குழம்பினார்.

"ஆறடியே கொடு," என்றார் கடைசியில். "ஏம்மா, அதுலயும் தெக்க திரும்பும்போது கொஞ்சம் வேகமாத் திரும்புமா?"