கடைமடையைக் கேட்காத ராஜா

காத்தாயிக் கிழவியை மூக்கன் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு காலை வேளையில். முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, உடைந்த வரப்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாளாம் அவள். தோளில் மண்வெட்டியோடு போன மூக்கனைப் பார்த்து, "ஏண்டா மூக்கா, உன் மீசை மட்டும் மாசத்துக்கு ஒரு முழம் வளருதே, உன் வரப்பு ஒரு விரக்கடை வளரக் கூடாதா?" என்றாளாம்.

"மீசைக்குத் தண்ணி நான் பாய்ச்சுறேன் பெரியம்மா. வரப்புக்கு நீங்கதான் பாய்ச்சணும்" என்றானாம் இவன்.

"போடா போக்கத்தவனே. வடிகாலை அடைச்சு வச்சிருக்கேன், ஞாபகம் இருக்கட்டும். பொழுது சாயக் கேளு, சொல்றேன்" என்று குனிந்தவள்தான். நிமிர்ந்த முகத்தை அவன் மறுபடி பார்க்கவில்லை.

என்ன ஆச்சு என்று கேட்கிறீர்களா? அவசரப்பட்டால் எப்படி? முதலில் இருந்து வருகிறேன்.

ஏழு நாள் பாய் விரித்துப் போனால் எட்டாம் நாள் தெரிகிற மாதிரி, நடுக்கடலில் புன்னைத்தீவு என்று ஒரு தீவு இருந்ததாம். இந்தப் பக்கம் வேங்கைநாடு. வேங்கைநாட்டில் மூன்று வருஷம் மழை பொய்த்துப்போக, நூறு குடும்பம் தோணி ஏறி அந்தத் தீவுக்குப் போனது. போய், முள்ளை வெட்டி, கல்லைப் பொறுக்கி, கூடை கூடையாக மண் சுமந்து ஒரு ஏரி கட்டினார்கள். ராஜா ஒரு கூடை தரவில்லை, ஒரு ஆள் தரவில்லை. ஆனாலும் சனங்கள் முதல் கதிர் அறுத்த அன்றைக்குக் கடலைப் பார்த்துக் கும்பிட்டு, "நம்ம ராஜா நல்லா இருக்கட்டும்" என்று சொல்லித்தான் சோறு தின்றார்கள். அப்படிப்பட்ட சனம்.

மூக்கன் வெறுங்கையோடு வந்து இறங்கியவன். தன்னுடைய விதைநெல்லில் பாதியை அளக்காமல் அவன் துண்டில் கொட்டியவள் காத்தாயி. அதனால் அவனுக்கு அவள் பெரியம்மா. ஊர் அவனுக்குக் கொடுத்த வேலை, ஏரி மடையைத் திறந்து மூடுவது.

அந்த ஏரிக்கு ஒரு வழக்கம் உண்டு. மடையைத் திறக்கும் முன்னே மூக்கன் கரைமேல் ஏறி நின்று, "கடைமடை, என்ன சொல்றே?" என்று கூப்பிட வேண்டும். ஒரு தரம் இல்லை, மூன்று தரம். தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேர்கிற வயல்தான் கடைமடை. அங்கே இருக்கிறவர்கள் "திற" என்று சொன்ன பிறகுதான் மடைப் பலகையைத் தூக்கலாம். ஏன் என்றால், மேலே இருக்கிறவனுக்குத் தண்ணீர் போவதுதான் தெரியும். கீழே இருக்கிறவனுக்குத்தான் அது வந்து என்ன செய்யும் என்று தெரியும். காத்தாயி வயல் கடைமடை வயல். இருபது வருஷம் அவள் "திற" என்று சொல்லித்தான் அந்தத் தீவு விளைந்தது.

தீவு விளைகிறது என்ற சேதி வேங்கைநாட்டு ராஜா காதுக்குப் போச்சு. போனதும் ஒரு தளவாயையும் ஐம்பது சிப்பாய்களையும் அனுப்பினான். தளவாய் வந்து முதல் உத்தரவைப் படித்தான்: "தீவு நெல் ராஜா கப்பலில் மட்டும்தான் ஏற வேண்டும்." சனங்கள் முணுமுணுத்தார்கள். அப்புறம், "சரி, நம்ம ராஜாதானே" என்றார்கள்.

அடுத்த வருஷம் இரண்டாம் உத்தரவு: "தீவில் யாரும் உப்புக் காய்ச்சக் கூடாது. என் உப்பைத் தின்றால்தான் விசுவாசம் வரும்." சுற்றிலும் கடல், உப்பு மட்டும் ஏழு நாள் தூரத்தில் இருந்து! சனங்கள் உரக்க முணுமுணுத்தார்கள். அப்புறம், "சரி, நம்ம ராஜாதானே" என்றார்கள்.

அதற்கடுத்த வருஷம் மூன்றாம் உத்தரவு: "ஏரி மடை இனி என் சொல்லுக்குத்தான் திறக்கும்."

அப்போது காத்தாயி எழுந்து, "பல்லக்கிலே உட்கார்ந்திருக்கிற ராஜாவுக்கு என் வயல் ஈரம் எப்படித் தெரியும்? கொடுக்க மாட்டேன்னு சொல்லலைய்யா. ஒரு வார்த்தை கேட்டியான்னுதான் கேக்குறேன்" என்றாள். ஊர் கூடிப் பேசி மூக்கனைத் தூது அனுப்பியது.

ஏழு நாள் போனான். முதல் நாள் ராஜா தூங்குகிறார் என்றார்கள். இரண்டாம் நாள் வேட்டைக்குப் போயிருக்கிறார் என்றார்கள். மூன்றாம் நாள் உள்ளே விட்டார்கள்.

"மகாராஜா, எங்களை ஒரு வார்த்தை கேட்டு உத்தரவு போடுங்க" என்றான் மூக்கன்.

ராஜா சிரித்தான். "நான் தலை, நீங்க கால். தலை எங்கேயாவது காலைக் கேட்குமா?"

"காலிலே முள்ளு குத்தினா தலைதானே மகாராஜா கத்துது?"

சபையில் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார். ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இவனைப் பிடித்துத் தோணியில் ஏற்றுங்கள். என் பிறந்தநாள் உச்சிப்பொழுதில் அந்தத் தீவு வயல் எல்லாம் தண்ணீர் தளதளக்க வேண்டும். அப்போது தெரியட்டும் யார் தலை, யார் கால் என்று!" என்றான்.

அந்தப் பிறந்தநாள்தான், பிள்ளைகளா, நான் முதலில் சொன்ன நாள். ராஜா கோபத்தில் சொன்னது, மறந்துபோயிருப்பான் என்று தீவில் எல்லாரும் இருந்துவிட்டார்கள்.

உச்சிப்பொழுதுக்குத் தளவாய் மேளதாளத்தோடு கரைக்கு வந்து, "தூக்குடா பலகையை" என்றான்.

"பொழுது சாயட்டுங்க. கடைமடையிலே வடிகால் அடைச்சிருக்கு. கேட்டுட்டுத் தூக்குறேன்" என்றான் மூக்கன்.

"ராஜா சொன்ன பிறகு கிழவியை என்ன கேள்வி?"

மூக்கன் கூப்பிட்டான். மேளச் சத்தத்தில் அது பத்து அடி போகவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டான். முதுகில் ஈட்டி பட்டது. மூன்றாம் தரம் அவன் கூப்பிடவில்லை. பயந்துபோய்ப் பலகையைத் தூக்கிவிட்டான். ஆமாம், அவன் கைதான் தூக்கியது. தண்ணீர் பாய்ந்து போய், வடிகால் அடைத்திருந்த கடைமடையில் முட்டி, வரப்பைப் பிய்த்துக்கொண்டு, குனிந்திருந்த காத்தாயியையும் கடல்வரை கொண்டு போய்விட்டது.

மூன்று நாள் மூக்கன் கடலோரமெல்லாம் அவளைத் தேடினான். நாலாம் நாள் காத்தாயி மகள் ஒச்சம்மா வீட்டு வாசலில் போய் விழுந்தான். "தங்கச்சி, விதைநெல்லு கொடுத்த கையை இந்தக் கை கொன்னுருச்சு" என்றான்.

அவள் அழுதாள். அழுது முடித்து, "எந்திரி அண்ணே. இனிமே கடைமடையிலே நான் நிப்பேன். நான் சொல்லாம அந்தப் பலகை எந்திரிக்கக் கூடாது. எவன் வந்தாலும் சரி. அதை மட்டும் செய்" என்றாள்.

அன்றைக்கே நூறு குடும்பமும் போய் ஏரிக்கரையில் உட்கார்ந்தது. "இந்த ஏரி நாங்க சுமந்த மண்ணு. எங்களைக் கேக்காத ராஜா எங்களுக்கு ராஜா இல்லை" என்று தளவாயிடம் நேருக்கு நேர் சொன்னார்கள். ஐம்பது சிப்பாயும் தளவாயும் கப்பலுக்கு ஓடினார்கள்.

ராஜா விடுவானா? ஐந்நூறு பேரும் இரண்டு யானையுமாகத் தானே வந்து இறங்கினான். அறுப்பு முடிந்து காய்ந்து கிடந்த வயலில் கூடாரம் அடித்தான். நல்ல சமதரை பார், ராஜாவுக்கு மெத்தை போட்ட மாதிரி! மூன்று மாசம் சண்டை. சிப்பாய்கள் கரை ஏறுவார்கள், இவர்கள் கவண்கல்லாலும் மண்வெட்டியாலும் இறக்குவார்கள். சும்மா கிடைக்கவில்லை கண்ணுகளா. பதினோரு பேர் அந்தக் கரையிலே செத்தார்கள்.

ஐப்பசி பிறந்தது. அடைமழை பிடித்தது. ஏரி தளும்பி நின்றது. "மூக்கா, தூக்குடா பலகையை! கூடாரத்தோட போகட்டும்!" என்று ஊரே கத்தியது.

மூக்கன் பலகையில் கை வைக்கவில்லை. "கடைமடையிலே ஆறு வீடு இருக்கு. கேக்கலையே" என்றான்.

"சண்டையிலே என்னடா கேள்வி?"

"தளவாயும் அதைத்தானே சொன்னான்" என்றான் மூக்கன். ஊர் ஒதுங்கி வழிவிட்டது.

கரைமேல் ஏறி நின்று கூப்பிட்டான். "கடைமடை, என்ன சொல்றே?"

கூடாரத்தில் இருந்த ராஜா, "என்ன சத்தம் அது?" என்றான். மூன்று வருஷம் அந்தத் தீவில் இருந்தும் அந்தக் கூப்பாட்டைக் காது கொடுத்துக் கேட்காத தளவாய் சொன்னான்: "பட்டிக்காட்டு சனம் மகாராஜா. ஒருத்தரை ஒருத்தர் நலம் விசாரிக்கிறாங்க."

இரண்டாம் தரம் கூப்பிட்டான். தூரத்தில் இருந்து ஒச்சம்மா குரல் வந்தது: "பொறு அண்ணே! பிள்ளையும் ஆடும் மேட்டுக்கு ஏறட்டும்!"

ராஜா சிரித்தான். "ஆட்டைப் பற்றிப் பேசுகிறார்களா? இவர்களோடவா நான் சண்டை போட்டேன்?"

மூன்றாம் தரம் கூப்பிட்டான். "திற!" என்று வந்தது. மூக்கன் பலகையைத் தூக்கினான்.

அவ்வளவுதான். கூடாரம் படகாகிப் போனது. யானை இரண்டும் வயிறு வரைக்கும் சேற்றில் இறங்கிப் பிளிறின. ஐந்நூறு பேரும் ஈட்டியைப் போட்டுவிட்டு வேட்டியைப் பிடித்தார்கள். ராஜா பட்டுச் சரிகையோடு இடுப்பளவு சேற்றில் நின்றான். எந்தப் பக்கம் கால் வைத்தாலும் உள்ளே இழுத்தது. தண்ணீருக்கடியில் வரப்பு எங்கே போகிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

மேட்டில் நின்ற ஒச்சம்மாவைப் பார்த்து, "ஏ பெண்ணே! எந்தப் பக்கம் போகணும்?" என்று கத்தினான்.

"கேக்கத் தெரியுதா இப்போ?" என்றாள் அவள். பக்கத்தில் நின்றவர்கள் கல்லை எடுத்தார்கள். அவள் தடுத்துவிட்டாள். "இடது கைப்பக்கம் மூணு எட்டு வை. காலிலே வரப்புத் தட்டும். அதை விடாம நடந்தா கடல். உன் ஆளுங்களையும் கூட்டிட்டுப் போ. திரும்பி வராதே."

ராஜா சொன்னபடி மூன்று எட்டு வைத்தான், வரப்பு தட்டியது, கடற்கரை போய்ச் சேர்ந்தான். தளவாய், "இவளைக் கேட்டா நான் நடப்பேன்?" என்று நேர்ப்பாதையில் போனான். மறுநாள் அவன் தலைப்பாகை மட்டும் மிதந்தது.

அன்று முதல் தீவுக்கு ராஜா கிடையாது. உப்பைத் தாங்களே காய்ச்சினார்கள், நெல்லைத் தாங்கள் நினைத்த இடத்துக்கு அனுப்பினார்கள். முதல் கதிர் அறுத்த அன்றைக்குக் கடலைப் பார்த்துக் கும்பிடுவதை விட்டார்கள். கரையைப் பார்த்துக் கும்பிட்டு, பதினோரு பேரையும் பேர் சொல்லி, கடைசியாகக் காத்தாயி பேரைச் சொல்லித்தான் சோற்றில் கை வைத்தார்கள். மூக்கன் சாகிற வரைக்கும் அவள் பேரைச் சொல்லும்போது மட்டும் எழுந்து நிற்பானாம்.

கேட்டு நடந்தவன் கரை சேர்ந்தான், கேளாமல் நடந்தவன் சேறு சேர்ந்தான், கதையும் வரப்பேறிப் போச்சு.

காத்தாயி வயல் நாலு மா நிலம். வெள்ளம் அரித்தது போக மூன்றேகால் மா இருக்கிறது. இந்த வருஷமும் அதில் நட்டிருக்கிறார்கள்.