ஒட்டாமல் விட்ட கால்

“டீச்சர், இந்த சர்க்யூட் படத்தைப் போட்டவனுக்கு மனசாட்சியே கிடையாது” என்றார் லூர்தையா.

மீனவர் சங்கத்தின் வயர்லெஸ் அறை அவர் பொறுப்பு. கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு ரேடியோ பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டிருந்தார். கற்றுக்கொடுத்த பர்வீனுக்கு அவர் மகள் வயது.

விடியும்போதே காற்று மாறிவிட்டது. எல்லாப் படகுகளும் கரை சேர்ந்தன, அவர் மருமகன் இன்னாசியின் படகைத் தவிர.

அந்த நேரம் பார்த்து வயர்லெஸ் பெட்டி ஊமையாகிப்போனது. ஸ்பீக்கருக்குச் சத்தம் கொடுக்கும் ஐ.சி. என்ற சில்லு கருகியிருந்தது. அதே ஐ.சி. கிடைக்கவில்லை. அந்த வேலையைச் செய்யும் வேறொன்றைப் பர்வீன் கொடுத்தனுப்பினாள். லூர்தையாவே அதைப் பற்றவைத்தார்.

பெட்டி பேசவில்லை. ஆள் விட்டு அவளை வரச்சொன்னார்.

“பெட்டியோட படத்துல வி.சி.சி.ன்னு போட்டிருக்கு. புது ஐ.சி.யோட வந்த தாள்ல வி.டி.டி.ங்கான். நான் எதைன்னு எடுத்துக்க?”

“எதைன்னு எடுத்துக்கிட்டீங்க?”

“ரெண்டும் பிளஸ்னு நீங்கதான சொன்னீங்க. பெட்டியில அஞ்சு வோல்ட் வருது. ஐ.சி. தாங்கும்னு தாள்ல பார்த்துட்டுத்தான் ஒட்டினேன்.”

“சரி.”

“சரின்னா ஏன் பேச மாட்டேங்குது?”

பர்வீன் புது ஐ.சி.யின் தாளை விரித்தாள். அதிலிருந்த படத்தில் பேட்டரியின் பிளஸ் மேல் விரலை வைத்தாள். கோட்டின் வழியே மெதுவாக நகர்த்தினாள். வி.டி.டி. வழியாக ஐ.சி.க்குள் வந்தாள்.

அங்கேயே நிறுத்திவிட்டாள்.

“பொறவு?” என்றார் லூர்தையா.

விரல் அசையவில்லை.

வெளியே லூர்தையாவின் மகள், இன்னாசியின் மனைவி ஸ்டெல்லா கடலைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

லூர்தையா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஐ.சி.யின் மேல் குனிந்தார். அதன் கம்பிக் கால்களில் ஒன்று எதிலும் ஒட்டாமல் நின்றது.

“அது வி.எஸ்.எஸ். பெட்டியோட படத்துல அப்படி ஒரு பேரே இல்ல டீச்சர். கிரவுண்டுன்னுதான் இருக்கு. வேண்டாத காலுன்னு விட்டுட்டேன்.”

“உள்ள போனது எந்த வழியா பேட்டரிக்குத் திரும்பும் அண்ணாச்சி?”

லூர்தையா தாளைப் பக்கத்தில் இழுத்தார்.

மறுபடி பார்த்தார். அந்தக் காலுக்கு நேரே பேட்டரியின் மைனஸ் வரைந்திருந்தது. பெட்டியின் படத்தில் கிரவுண்டு என்றிருந்ததும் அதுதான். காலையிலிருந்து அவர் பெயரை மட்டும்தான் படித்திருந்தார்.

சுவிட்சை அணைத்துவிட்டு சால்டரிங் அயர்னை எடுத்தார். பர்வீன் அதை வாங்கிக்கொள்ளவில்லை. அவர் அந்தக் காலை மைனஸில் பற்றவைத்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

சுவிட்சைப் போட்டதும் ஸ்பீக்கர் கரகரத்தது.

“…கரை, கரை. இன்னாசி பேசுதேன். என்ஜின் நின்னு போச்சு, இப்ப ஓடுது. எல்லாரும் சுகம். மாதா கோயில் கோபுரம் தெரியுது. கேக்குதா மாமா?”

ஓடிவந்த ஸ்டெல்லா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“கேக்குது மாப்ள! நல்லா கேக்குது!” லூர்தையா மைக்கில் கத்தினார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

“மாமா, கேக்குதா?”

“கேக்குதுய்யா! கேக்குது!”

“கரை, கரை… கேக்குதா?”

லூர்தையா மிரண்டுபோய்ப் பர்வீனைப் பார்த்தார். “இன்னும் எந்தக் காலை விட்டேன் டீச்சர்?”

பர்வீன் சிரித்துவிட்டாள்.

“மைக் பொத்தானை அழுத்திட்டுப் பேசுங்க அண்ணாச்சி.”