காதுக்குள் அத்திப்பழம்

காட்டாற்றின் இரு கரையிலும் முன்பு ஒரே குரங்குக் கூட்டம்தான் வாழ்ந்தது. ஓடுகிற ஆற்றில் யார் முதலில் தண்ணீர் குடிப்பது என்று ஒருநாள் சண்டை மூண்டது. கூட்டம் இரண்டாகப் பிளந்தது. அவை போட்ட கூச்சலில் பக்கத்து மலை இரண்டடி தள்ளி உட்கார்ந்துகொண்டது. நம்பாதவர்கள் போய் அளந்து பார்க்கலாம்!

ஐந்து மழைக்காலம் போனது. சண்டை ஓய்ந்தது, காவல் ஓயவில்லை. ஒரு கரைக் குரங்கு மறு கரையில் கால் வைக்க முடியாது.

ஒரு முள்ளம்பன்றிக்கு மட்டும் தடையில்லை. அதைத் தடவிச் சோதனை போட எந்தக் காவல்காரனுக்கும் துணிச்சல் வரவில்லை, அவ்வளவுதான்.

கொவ்வை என்ற மந்தி அதனிடம் ஓடிவந்தது. "அண்ணே, சண்டையில என் பிள்ளை அந்தக் கரையில மாட்டிக்கிட்டான். தேடித் தாங்க!"

"அடையாளம் சொல்லு தாயி."

"உள்ளங்கை அளவுதான் இருப்பான். தங்கமான பிள்ளை. அவனைப் போல அழகு கிடையாது!"

முள்ளம்பன்றி போனது. அக்கரையில் தடியான காவல் குரங்கு ஒன்று வழக்கம்போல் கத்தியது. "யோவ் முள்ளு மூட்டை! மறுபடியும் வந்துட்டியா?"

கிளை கிளையாகத் தேடிவிட்டு முள்ளம்பன்றி திரும்பியது.

"உள்ளங்கை அளவுல நாப்பது பிள்ளைங்க தாயி. நாப்பதும் தங்கம்னுதான் அம்மாமாருங்க சொல்றாங்க. அது போகட்டும், உன் பிள்ளை இத்தனை வருஷமா வளராமலா இருப்பான்?"

கொவ்வை அழத் தொடங்கியது. அதன் மனதில் பிள்ளை வளரவே இல்லை.

"அழாதே. அவன்கிட்ட ஏதாவது குறை இருந்தா சொல்லு."

"என் பிள்ளைக்கா? குறையா?" கொவ்வை பல்லைக் காட்டிச் சீறியது. பிறகு தலை குனிந்தது. "ஒண்ணு உண்டு. எந்தப் பழம் கிடைச்சாலும் முதல் பழத்தை என் காதுல திணிப்பான். படுபாவி, எறும்பு வந்து மொய்க்கும்!"

மறுநாள் முள்ளம்பன்றி முதுகு முள்ளெல்லாம் அத்திப்பழம் குத்திக்கொண்டு போனது.

"என்னய்யா, கடையா போட்டிருக்க?" என்று தடிக் காவல் குரங்கு ஒரு பழத்தைப் பிடுங்கியது. அதன் கை நேராகத் தன் காதுக்குப் போய் நின்றது.

"அங்க ஏன் கொண்டுபோற?"

"தெரியல. சின்னதுலேர்ந்து கை தானா போவுது. எல்லாரும் சிரிப்பாங்க."

"உன் அம்மா எங்கே?"

குரங்கின் குரல் இறங்கியது. "அந்தக் கரைக்காரங்க கொன்னுட்டாங்கன்னு சொன்னாங்க."

"அந்தக் கரையிலதான்டா அழுதுட்டு இருக்கா! வா!"

ஆற்றின் நடுவே ஒரு பாறை. அது எந்தக் கரைக்கும் சேர்த்தி இல்லை. முள்ளம்பன்றி கூப்பிட்டு அங்கே வந்த கொவ்வை, எதிரே எதிரிக் காவல்காரன் நிற்பதைப் பார்த்துப் பயந்து கல்லைத் தூக்கியது.  அவன் முள்ளம்பன்றியின் முதுகிலிருந்து ஒரு பழத்தை எடுத்தான். மெல்லக் கொவ்வையின் காதுக்குள் வைத்தான்.

கல் தண்ணீரில் விழுந்தது.

"எருமை மாதிரி வளர்ந்தும் திருந்தலையேடா!" என்று முதுகில் ஓர் அறை வைத்து, கொவ்வை அவனை இறுகக் கட்டிக்கொண்டது.

மறுநாள் முள்ளம்பன்றியைச் சுற்றி ஒரே கூட்டம்! "அண்ணே, என் மகன் சரியான திருடன்!" "என் மக வாயாடி, கடிப்பா அண்ணே!"

தொலைந்த உறவைத் தேடுகிறவர்கள் பெருமையை ஒதுக்கிவைத்து உள்ளதை உள்ளபடி சொன்னால்தான், தேடப்போகிறவன் கண்ணில் அந்த உறவு படும்.