வியாகுலத்தின் குதிகால்

தேவாலயப் பங்கில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் வியாகுலத்திடம்தான் வருவார்கள். தவக்கால வெள்ளியன்று கறிக்குழம்பில் கிடந்த உருளைக்கிழங்கைத் தின்னலாமா என்பதுவரை அவரிடம் விடை உண்டு. தின்னக் கூடாது.

அவருக்கே ஒரு சந்தேகம் வந்தபோது, தன்னைவிடப் பதினைந்து வயது இளைய பெலிக்ஸ் சாமியாரிடம் போக வேண்டியதாயிற்று.

“சாமி, மனசுல கோபத்தை வச்சுக்கிட்டு பாவசங்கீர்த்தனம் பண்ணலாமா?”

“யார் மேல கோபம்?”

“பொதுவாக் கேட்டேன்.”

“பொதுவா, உங்க தம்பி தொம்மை மேலயா?”

வியாகுலம் கூரையைப் பார்த்தார். போன ஈஸ்டருக்குக் கோயிலுக்குள் செருப்போடு நின்றதைத் தட்டிக்கேட்டதற்கு, ஊர் பார்க்கத் தம்பி அவரைப் ‘பரிசேயன்’ என்றுவிட்டான். வெளியே மட்டும் சுத்தம் காட்டுகிற வேஷக்காரன் என்று அர்த்தம்; வேதம் படித்த வீட்டில் அதைவிடப் பெரிய வசவு இல்லை. அன்றிலிருந்து பேச்சில்லை, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் இல்லை, அது இல்லாததால் நற்கருணையும் இல்லை. எல்லாரும் நற்கருணை அப்பம் வாங்க வரிசையில் போகும்போது, இவர் மட்டும் பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடுகிறவர்போல நிற்பார். ஒரு வருஷமாகத் தேடுகிறார்.

“முதல்ல மனசைச் சுத்தம் பண்ணிக்கிறேன் சாமி. அப்புறம் வர்றேன்.”

“சரி. பெரிய வெள்ளி காலையில பாவசங்கீர்த்தனம் கேக்கத் தொட்டியில உட்கார்ந்திருப்பேன். அதுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை பூசையில, இயேசு சீடர்களுக்குச் செஞ்ச மாதிரி நான் பாதம் கழுவிவிடுற பன்னிரண்டு பேர்ல நீங்களும் ஒருத்தர்.”

வியாழன் மத்தியானமே வியாகுலம் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். குதிகாலைப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்தார். நகம் வெட்டினார். சந்தன சோப்பு, பிறகு தேங்காயெண்ணெய், பிறகு பவுடர்.

“நம்ம கல்யாணத்துக்குக்கூட நீங்க இப்படிக் குளிக்கலையே” என்றாள் மனைவி மதலேனாள்.

தூசி படக் கூடாதென்று ஆட்டோவைக் கோயில் படிவரை விடச் சொன்னார்.

உள்ளே போனால், பெஞ்சில் அவருக்குப் பக்கத்து இடத்தில் தொம்மை. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு அப்படியே வந்திருந்தான். முழங்கால்வரை சேறு.

சாமியார் மண்டியிட்டுத் தொம்மையின் காலைக் கழுவினார். தாம்பாளத்துத் தண்ணீர் பழுப்பாயிற்று. துடைத்தார். முத்தமிட்டார். அடுத்து வியாகுலத்தின் காலைப் பார்த்தார். மோந்தும் பார்த்தார். எழுந்து அதற்கடுத்தவரிடம் போய்விட்டார்.

“சாமி! என் காலு!” வியாகுலத்தின் கிசுகிசுப்பு பாடகர் குழுவரை கேட்டது.

“அதான் கழுவியாச்சே.”

“அது நான் கழுவுனது!”

“பின்னே நான் எதுக்கு?”

பாட்டு முடியப் போகிறது. கோயிலே எட்டிப் பார்க்கிறது. வியாகுலம் பெஞ்சுக்கு அடியில் பார்த்தார். தொம்மையின் காலிலிருந்து உதிர்ந்த சேறு தரையில் திட்டாகக் கிடந்தது. இரண்டு பாதங்களையும் அதில் வைத்துத் தேய்த்தார். பவுடரும் சேறும் குழைந்து வழிந்தன.

தொம்மை சிரிப்பை அடக்கியதில் பெஞ்சு குலுங்கியது.

“இன்னும் வேணுமாண்ணே? வெளியே செருப்புல நிறைய இருக்கு.”

ஒரு வருஷம் கழித்து வந்த ‘அண்ணே’. பதில் சொல்ல வாயைத் திறந்தார். வசவுதான் வந்தது. விழுங்கிக்கொண்டார்.

கடைசி ஆளையும் முடித்துவிட்டுச் சாமியார் திரும்பி வந்து மண்டியிட்டார். விரலிடுக்கெல்லாம் விட்டுத் தேய்த்தார்.

வியாகுலம் குனிந்தார். “சாமி, கோபம் இன்னும் போகலை.”

சாமியார் குதிகாலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“நாளைக்காவது கழுவாம வாங்க.”