காலில்லாத பெஞ்சு

அந்தக் காலத்தில் மரங்களுக்கெல்லாம் வாய் இருந்தது. புளியமரம் வம்பு பேசும். பனைமரம் யாரையும் மதித்துப் பேசாது. கொய்யாமரத்துக்குக் கேலிதான் பிடிக்கும். அப்போது அதன் பட்டை வேலமரத்துப் பட்டைபோலக் கறுத்து, தடித்து, வெடித்துக் கிடக்கும். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அதற்காகக் கதை நிற்காது.

வையாபுரி என்று ஒரு வண்டி ஆசாரி இருந்தான். மாட்டுவண்டிச் சக்கரம் தவிர வேறு மரவேலை அவன் கைக்குப் பழக்கமில்லை. ஆனால் அவன் சக்கரத்தில் நடுக்குடத்துக்கும் ஆரக்காலுக்கும் இடையே எறும்பு மூச்சுவிட இடமிருக்காது என்று சந்தையில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்கவே அவன் சந்தைக்குப் போவான்.

அவன் மனைவி மருதாயி கல்யாணமாகி வரும்போது, தாய்வீட்டுத் தோட்டத்துக் கொய்யாக்கன்று ஒன்றை மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். கூடப் பிறந்தவளைப்போல வளர்த்தாள். மரமும் அவளை அக்கா என்றது, வையாபுரியை மச்சான் என்றது.

"ஏனுங்க, மரத்தைச் சுத்தி உட்கார ஒரு பெஞ்சு போட்டுக் குடுங்க. தங்கச்சிகிட்ட எவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே பேசறது?" என்றாள் மருதாயி.

அவனுக்குத் தெரிந்த வழியில் அவன் போட்டான். மரம்தான் குடம், பலகைதான் சக்கரம். இரண்டு அரைவட்டமாகச் செய்து, மரத்தை நடுவில் வைத்துச் சேர்த்தான். வெளிப்பக்கம் காய்ச்சிய இரும்பு வளையத்தை மாட்டித் தண்ணீர் ஊற்றினான். இரும்பு ஆறியது, சுருங்கியது, பலகை மரத்தைக் கவ்விக்கொண்டது. கால் வைக்கவில்லை. சக்கரத்துக்கு ஏது கால்? முழங்கால் உயரத்தில் பெஞ்சு அந்தரத்தில் நின்றது.

"மச்சான், இடுப்பைப் பிடிக்குது" என்றது மரம்.

"புதுசுல அப்படித்தான். போகப்போகப் பழகிடும்."

"பழகறதுக்கு இது என்ன செருப்பா மச்சான்?"

மழைக்காலம் வந்தது. மரம் பெஞ்சுக்கு மேலேயும் வீங்கியது, கீழேயும் வீங்கியது. நடுவில் வளர வழியில்லை. இலை பழுத்தது, பூ உதிர்ந்தது. கேலியும் குறைந்துகொண்டே வந்து ஒருநாள் அடியோடு நின்றது. வையாபுரிக்கு அதுதான் சுருக்கென்றது.

"அறுத்து எடுங்க" என்றாள் மருதாயி.

"வளையம் போட்டதை நானே பிரிச்சா சந்தையில என்ன சொல்லுவாங்க?"

"மரத்தைக் கொன்னவன்னு சொல்றதுக்கு அது தேவலை. அது பட்டுப்போனா, அதுகூட வந்தவ நானும் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அவள் குரலை உயர்த்தாதபோது பயப்பட வேண்டும் என்று வையாபுரிக்குத் தெரியும். காலையில் ரம்பத்தை எடுப்பான். சந்தை நினைவு வரும், வைத்துவிடுவான்.

அந்தச் சமயத்தில் வேலியோரச் சாரைப்பாம்பு புதுத்தோல் மினுமினுக்க ஊர்ந்துவந்து, மரத்தை அண்ணாந்து பார்த்தது.

"ஏம்புள்ளே, இறுக்கினா தோலை உரிச்சுப் போட வேண்டியதுதானே? நான் கல்லுல மூக்கைத் தேய்ப்பேன், முழுசாக் கழண்டு வந்துடும்."

"எனக்கு மூக்குக்கு எங்கே போறது?" என்றது மரம், மெலிந்த குரலில்.

"மூக்கு எதுக்கு? தேய்க்கத்தான் உங்க மச்சான் முதுகு இருக்கே."

அன்று சாயங்காலம் வையாபுரி வழக்கம்போல வந்து உட்கார்ந்து முதுகைச் சாய்த்தான். மரம் மெல்ல அசைந்து அவன் முதுகில் உரசியது. நாளெல்லாம் இழைப்புளி தள்ளிய முதுகு. அவனுக்குக் கண் சொருகியது.

"கொழுந்தியாளுக்கு இப்பதான் பாசம் வந்திருக்கு. இன்னும் கொஞ்சம் கீழே" என்றான்.

"இங்கேயா மச்சான்?"

"அங்கேதான். அழுத்தித் தேய்."

அழுத்தித் தேய்த்தது. பட்டை சுள்ளி முறிவதுபோல வெடித்தது. ஏடு ஏடாகக் கழன்று அப்பளம்போல உதிர்ந்தது. பலகை கவ்விய இடத்திலும், மரம் மூச்சை உள்ளே இழுக்க, பட்டை பொடிந்து கொட்டியது. மேலும் கீழும் வீங்கியிருந்ததும் வற்றி, மரம் ஒரு சுற்று இளைத்து, வழவழவென்று நின்றது. கவ்வப் பிடி இல்லாத பெஞ்சு, ஆசாரியோடு தொப்பென்று தரையில் விழுந்தது.

சத்தம் கேட்டு மருதாயி ஓடிவந்தாள். புருஷன் கால் இரண்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"பழகிடுச்சா மச்சான்?" என்றது மரம்.

வையாபுரி எழுந்தான். மரத்தின் இடுப்பில், பலகை இருந்த இடத்தில், விரலுக்குத் தட்டுப்படும் அளவுக்கு ஒரு தடம். அதைத் தடவிப் பார்த்தான். பிறகு போய் வெட்டிரும்பைக் கொண்டுவந்து வளையத்தை வெட்டினான், பலகையைப் பிரித்தான்.

"சந்தையில கேட்டா?" என்றாள் மருதாயி.

"சக்கரம் ஓடறதுக்கு, இது உட்கார்றதுக்குன்னு சொல்லிக்கறேன்."

மறுபடி போட்ட பெஞ்சுக்குக் கால் இருந்தது. பலகைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டான். மருதாயி உட்கார்ந்தாள். பூ விட்டது, காய் காய்த்தது, கேலியும் திரும்பி வந்தது.

ஆனாலும் கொய்யாவுக்கு மச்சான்மேல் முழு நம்பிக்கை வரவில்லை. ஆசாரிகளுக்குக் கை சும்மா இருக்காது அல்லவா. அன்று முதல்தான், மரத்தைச் சுற்றிப் பெஞ்சு போடுகிறவர்கள் நடுவில் ஒரு சாண் இடம் விடுகிறார்கள். கொய்யாமரமோ, எவன் எடுத்த அளவும் அடுத்த வருஷம் செல்லக்கூடாது என்று, வருஷம் தவறாமல் பட்டையை உரித்துப் போட்டுவிட்டு வழவழவென்று நிற்கிறது.