நுரையர் தூங்கிப்போன தொட்டி

திராட்சைக்கும் வாய் இருந்து, ஆறும் கேட்டதற்குப் பதில் சொன்ன அந்தக் காலத்தில், போர்த்துகல் நாட்டுத் தோரு ஆற்றின் மலைச்சரிவில் ஒலிம்பியா என்பவள் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தாள். தொண்ணூற்றாறு வரிசைக் கொடி. ஒரே மகள், பெயர் சுல்மீரா.

அந்த மலைப் பழத்தின் தோலில் மெல்லிய சாம்பல் பூச்சு இருக்கும். அதில் நுரையர் என்ற, கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு உயிர்கள் குடியிருந்தார்கள். பழத்தைக் கல்தொட்டியில் கொட்டி மிதித்ததும் சாற்றில் இறங்கி இனிப்பைத் தின்பார்கள். தின்னத் தின்ன நுரை பொங்கும். ஐந்தாம் நாள் இனிப்பு ஒரு துளி மிஞ்சாது. மிஞ்சுவது இனிப்பே இல்லாத ஒயின். அதுவும் படகில் ஆறு நாள் வெயில் பட்டுக் கடலோரத் துறைமுகத்துக்குப் போவதற்குள் புளித்துவிடும்.

அந்தத் துறைமுகத்தில்தான் சுல்மீராவுக்கு மாப்பிள்ளை. அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. ஆனால் அங்கே ஒரு வழக்கம். பெண்வீட்டு ஒயினை மாப்பிள்ளையின் தகப்பன் முதல் வாய் குடிப்பார். முகம் சுளித்தால் அந்த ஆண்டு கல்யாணம் இல்லை. மூன்று தரம் சுளித்தால் எப்போதுமே இல்லை. எவாரிஸ்து என்ற அந்தத் தகப்பன் இரண்டு தரம் சுளித்தாயிற்று.

மூன்றாம் அறுவடை வந்தது. ஒலிம்பியா தொட்டி விளிம்பில் குனிந்தாள். “நுரையரே, இந்த ஒரு தரம் பாதியில் எழுந்திருங்களேன். என் மகளின் வாழ்க்கை.”

“பந்தியில் பாதியில் எழுவதா? எங்கள் குலத்திலேயே கிடையாது, தாயே,” என்றான் நுரையர் தலைவன், வாய் நிறைய. “கல்யாணத்துக்கும் கூப்பிடு. அங்கேயும் மிச்சம் வைக்க மாட்டோம்.”

தொட்டி முழுக்கச் சிரித்தது.

மிதிப்பவர்கள் பன்னிரண்டு பேர். தோளில் கைபோட்டு, ஒன்று இரண்டு என்று எண்ணியபடி மிதிப்பார்கள். கால்வலிக்குக் காய்ச்சி வடித்த திராட்சைச் சாராயத்தைத் தேய்த்துக்கொள்வார்கள். மறுபடி இறங்குமுன் காலைக் கழுவவேண்டும். இரண்டாம் நாள் ஒலிம்பியாவின் கொழுந்தன் கஸ்பார் சாராயம் தேய்த்த காலோடு அப்படியே இறங்கினான்.

“கஸ்பார்! காலைக் கழுவினாயா?”

“கழுவினேன் அண்ணி.”

“எப்போது?”

“போன வாரம்.”

அவள் துடைப்பத்தைத் தூக்கினாள். தூக்கிய கை நின்றது. அவன் கால்களைச் சுற்றி மட்டும் நுரை அடங்கியிருந்தது. அங்கிருந்த நுரையர் கொட்டாவி விட்டார்கள்.

“இதென்ன வாசனை, தாயே? இன்னும் கொஞ்சம் ஊற்றேன்,” என்றான் தலைவன், தூக்கக் குரலில்.

ஒலிம்பியா சாற்றைத் தொட்டு நாக்கில் வைத்தாள். பாதி இனிப்பு இருந்தது. சாராயம் ஊற்றி இது கெட்டால் வேறு சாறு கிடையாது.

“விருந்தாளி வாய்விட்டுக் கேட்டால் இல்லை என்பேனா?” என்று ஊற்றினாள். நான்கு குடம் சாற்றுக்கு ஒரு குடம் சாராயம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“அடடா,” என்றான் தலைவன். அத்தோடு சரி. நுரை ஓய்ந்தது. தொட்டி குறட்டை விட்டது.

குளிர்காலம் முழுக்கப் பீப்பாயில் கிடந்த ஒயின் கோடையில் ஒலிம்பியா குடும்பத்தோடு படகேறியது. ஆறு நாள் வெயிலுக்கும் அசையவில்லை.

துறைமுகத்தில் எவாரிஸ்து முந்திக்கொண்டார். “சம்பந்தியம்மா, உங்கள் புளிப்பை வெறும் வயிற்றில் தாங்க முடியாது. சாப்பிட்டுவிட்டுக் குடிக்கிறேன். வீட்டிலேயே சின்னக் கிண்ணமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள்.”

சாப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார். சுல்மீரா மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள். ஏழு வரை வந்தும் அவர் முகம் அசையவில்லை.

“நாக்கில் பட்டதும் பழுத்த அத்திப்பழம்,” என்றார் மெதுவாக. “பின்னால் ஒரு கதகதப்பு. விழுங்கிய பிறகும் போகமாட்டேன் என்கிறதே!”

சிரித்தபடி வலக்கையால் சுல்மீராவின் கையைப் பிடித்தார். “இவள் எங்கள் வீட்டுப் பெண்.” பிடித்த கையை விட அவருக்கு மனமில்லை. அதனால் ஒயின் குப்பியை இடக்கையால் எடுத்து இடப்பக்கத்தில் இருந்தவருக்கு நகர்த்தினார். அவரும் அப்படியே நகர்த்தினார். கஸ்பார் மட்டும் பெரிய கிண்ணம் கேட்டு வாங்கினான். பாட்டுத் தொடங்குமுன்னே அவன் குறட்டை தொடங்கியது.

அந்தத் துறைமுகத்தின் பெயரால் இன்று போர்ட் எனப்படும் இந்த ஒயின் இனிப்பாகவே நிற்பதும், விருந்து முடிந்தபின் சின்னக் கிண்ணத்தில் வருவதும், குப்பி இடப்பக்கமே போவதும் அந்தக் கல்யாணம் முதல்தான். பெரிய கிண்ணம் கேட்பவருக்கு இன்றைக்கும் நுரையரின் தூக்கம்தான்.